‘நம்ம’ ஊடும் ‘எங்க’ ஊடும்

அமலி ஆரணி டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்த காலத்தில், பெங்களூரில் பட்டு நூல் வியாபாரி ரிசீவரை எடுத்து மூச்சு விட்டாலே போதும். ஆள் சாப்பிட்டாச்சா, பெண்டாட்டியோடு சண்டையா, நூல் விலை ஏறப்போகிறதா என்று இங்கே இவளுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு காது. கொசு இருமினால் அது எந்தத் தெருக் கொசு என்று சொல்லக்கூடிய காது.

காது எவ்வளவு திறந்திருந்ததோ, வாய் அவ்வளவுக்கு மூடியிருந்தது. அவள் மட்டும் கேட்டதையெல்லாம் சொல்லியிருந்தால், ஆரணியில் பாதிப் பேர் சேத்துப்பட்டுக்கு ஓடியிருப்பார்கள். மீதிப் பேர் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். லைனில் கேட்டது லைனிலேயே போகட்டும் என்பது அவள் கொள்கை. மாதா கோயில் பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடியாக அவள் நம்பியது அதைத்தான்.

அவளுக்கு அப்பா விட்டுப்போனது ஓர் ஓட்டு வீடு. முன்கட்டில் தறிக்குழியோடு பெரிய கூடம். பின்கட்டில் ரெண்டு அறை, ஒரு கிணறு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட ஒண்டி மனுஷிக்குப் பின்கட்டு தாராளம். முன்கட்டைத் தருமனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

தருமன் மாதிரி ஒரு குடித்தனக்காரரை இனிமேல் பிரம்மா படைத்தால்தான் உண்டு. பட்டுத்தறிக்காரர். முதல் தேதி காக்கா கண் விழிப்பதற்கு முன்னால் வாடகை வந்துவிடும். வருஷா வருஷம் தன் கைக்காசில் சுண்ணாம்பு அடிப்பார். அடித்த கை நிற்காமல் அமலி பக்கத்துச் சுவரையும் சேர்த்து அடித்துவிடும். கிறிஸ்துமசுக்கு மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டித் தொங்கவிடுவதும் அவர்தான். அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு மூன்று ராஜாக்களும் தேவிகாபுரம் வரைக்கும் வந்து வழி கேட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"நம்ம ஊட்டுக்கு நாம செய்யாம யாருங்க ஆபரேட்டரம்மா செய்வாங்க?" என்பார்.

அந்த ‘நம்ம’ அமலிக்குப் பிடிக்கும். அதில் அவளும் இருந்தாள், அவரும் இருந்தார், அவர் மகள் பச்சையம்மாளும் இருந்தாள். கிணற்றடிப் பூனைக்குக்கூட அதில் இடம் இருந்தது.

வினை வந்தது பச்சையம்மாளின் நிச்சயதார்த்தத்தன்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசியில் அரிசி மண்டி வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா தனக்கோடி வந்து இறங்கியபோது குதிரை வண்டி ஒரு சாண் உயர்ந்தது. அம்மாளின் உடம்பு அப்படி. குரல் அதைவிடப் பெரிது. அவர்கள் பெண் கேட்கும்போதே ஒன்று சொல்லியிருந்தார்கள்: நகை முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் வாடகை வீட்டுப் பெண்ணை எடுக்க மாட்டோம்.

இது அமலிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு ஒரு தட்டு நிறைய அதிரசத்தோடு முன்கட்டுக்குப் போனாள்.

"இவங்க யாரு?" என்றாள் தனக்கோடி.

தருமன் எழுந்தார். முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்தது. "இவங்களா? டெலிபோன் ஆபீசுல வேல. பின்னாடி குடி கீறாங்க. ரொம்ப வருசமா நம்மகிட்டதான் கீறாங்க."

அமலி கையில் இருந்த தட்டில் அதிரசம் எல்லாம் ஒருதரம் குதித்து உட்கார்ந்தது. தன் சொந்த வீட்டில், தன் அப்பா பதித்த கல்லின் மேல் நின்றுகொண்டு, அவள் குடித்தனக்காரி ஆகிவிட்டாள்.

உள்கதவுக்குப் பின்னால் பச்சையம்மாள் நின்றிருந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அமலியையே பார்த்தாள். அந்த வீட்டில் பிறந்த பெண். அமலியின் மடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்.

"வாடகையெல்லாம் ஒழுங்கா குடுத்துடறீங்களாம்மா?" என்றாள் தனக்கோடி. "நல்ல மனுசருங்க. பேஜார் பண்ணாம இருங்க."

அமலி பல்லைக் கடித்தாள். பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "வீட்டுக்காரர் தங்கமானவரும்மா. எனக்கு ஒரு குறையும் இல்ல."

நிச்சயம் முடிந்தது. மறுநாள் காலையில் தருமன் கிணற்றடியில் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஒரு நாளுக்குச் சொன்ன பேச்சுங்க. கண்ணாலம் முடியட்டும், நானே சொல்லிடறன்."

கல்யாணம் முடிந்தது. அவர் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் தீபாவளிக்கு வந்தார்கள், பொங்கலுக்கு வந்தார்கள், வளைகாப்புக்கு வந்தார்கள், ஒன்றுமில்லாததற்கும் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு, தண்ணீர் காட்டி, தருமன் வளர்த்தார். அதுவும் நன்றி மறக்காமல் நெகுநெகுவென்று வளர்ந்தது. முதலில், அவர்கள் வரும் நாட்களில் அமலியைப் பின்சந்து வழியாகப் போகச் சொன்னார். அப்புறம் கொத்தனாரை வைத்து வாசல் நிலைக்கு மேலே, பக்கத்துக்கு ஓர் அன்னப்பறவையோடு, சிமெண்டில் ‘தருமன் இல்லம்’ என்று எழுத்து எடுப்பித்தார். அன்னம் பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருந்தது. ஆனால் எழுத்து மட்டும் அமோகம். கண் தெரியாதவர்கள்கூடத் தூரத்திலிருந்து படித்தார்கள்.

"சும்மா பேருதானேங்க," என்றார். அமலி பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் பட்டுக்கடை ஒன்றிலிருந்து வந்தவாசி மண்டிக்கு டிரங்க் கால் கேட்டார்கள். அமலி லைன் போட்டுக் கொடுத்தாள். இந்தப் பக்கம் பேசியது தருமன். இணைப்புக் கொடுத்ததே அமலிதான் என்பது அந்த மகானுபாவருக்கு நினைவில்லை.

"சம்பந்தியம்மா, இன்னாத்துக்குக் கவல? எங்க ஊடு கீது. பின்கட்ட காலி பண்ணிக் குடுத்துடறன். மாப்ள அங்க நெல்லு மூட்ட அடுக்கிக்கட்டும்."

அமலிக்குப் பின்கட்டுப் பேச்சு அப்புறம்தான் உறைத்தது. முதலில் குத்தியது ‘எங்க’. இத்தனை வருஷம் அவர் வாயில் நம்ம ஊடாக இருந்தது, எங்க ஊடாகிவிட்டது. அதில் அவர் இருந்தார், அவர் மகள் இருந்தாள். அமலி இல்லை. பூனையும் இல்லை.

ரெண்டு நாளில் தருமன் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார். கிணற்றைப் பார்த்துப் பேசினார்.

"ஆபரேட்டரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தப் பின்கட்ட... நீங்க கொஞ்சம் காலி பண்ணிக் குடுத்தா தேவலாம்."

உலகம் தோன்றிய நாளிலிருந்து வீட்டுக்காரியைக் காலி பண்ணச் சொன்ன முதல் குடித்தனக்காரர் அவர்தான். கிணற்றில் இருந்த தவளைகூட ஒரு நிமிஷம் கத்துவதை நிறுத்தியது.

"நான் எங்கண்ணா போறது?" என்றாள் அமலி.

"ஊருல ஊடா இல்ல? எத்தினியோ பேரு வாடகைக்கு உட்டுகினுதான் கீறாங்க," என்றார் தருமன். சொல்லும்போது அவர் முகத்தில் கபடம் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. மனிதர் தன் பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார். இன்னும் ரெண்டு தீபாவளி போனால் தெருவே நம்பிவிடும். அப்புறம் அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்கு மிச்சம் எது? வாத்து மாதிரி ஓர் அன்னம்.

சேதி கேட்டுத் தம்பி பிலவேந்திரன் சேத்துப்பட்டிலிருந்து லாரியோடு வந்துவிட்டான். லாரியில் கடப்பாரையும், கடப்பாரையைவிடக் கறுப்பாக ஆட்களும் இருந்தார்கள்.

"யக்கா, நீ மாதா கோயிலுக்குப் போய்ட்டு வா. திரும்பி வர்றதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

"இன்னா வேலடா?"

"ஓட்டப் பிரிச்சி உட்டா மழைக்கு அவனே போயிடுவான்."

"அது என் ஓடுடா."

"சரி, சாமானத் தூக்கித் தெருவுல போடறன்."

"பச்சையம்மாவுக்குத் தொட்டில் கட்டின கம்பு அங்கதான் இருக்கு. அதத் தெருவுல போடுவியா?"

"அப்ப அவன் வேலைக்குப் போற நேரம் பாத்து வேற பூட்டு போட்டுடலாம்."

"அவருக்கு வேலையே வீட்டுக்குள்ளதான். அவர உள்ள வெச்சிப் பூட்டுவியா? போடா." அமலி தம்பிக்குச் சோறு போட்டாள். "இதோ பார், அடிச்சித் தொரத்திப் புடுங்கினா அப்புறம் அது என் வீடுன்னு நான் சொல்றதுக்கும் திருடன் சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்? சட்டம்னு ஒண்ணு இருக்கு. அது வழியாவே போறேன்."

பிலவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "சட்டத்து வழியாப் போனா நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் பேரன் தாத்தாவாயிடுவான்."

ஆனாலும் சாப்பிட்டுவிட்டுப் போனான். கடப்பாரை ஆட்களும் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் வரைக்கும் அமலிக்கு ரேஷன் அரிசி போதவில்லை.

வக்கீல் சுப்பராயலு ஒல்லி. கோட்டு மட்டும் நடந்து வருகிறது என்றுதான் தூரத்தில் தோன்றும். ஆனால் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், குடித்துவிட்டு ஏப்பமும் விட்டவர். குடித்தனக்காரரைக் காலி பண்ணவைக்க வேண்டுமானால் சட்டம் ஒத்துக்கொள்கிற காரணம் ஒன்று வேண்டும் என்றார். வாடகை வழக்குகளுக்குக் கோர்ட்டு முன்சீப்தான் ரெண்ட் கண்ட்ரோலர். காரணத்தை அவர் முன்னால் நிரூபிக்க வேண்டும்.

"வாடகை பாக்கி வெச்சிருக்கானா?"

"முதல் தேதியே வந்துடும் சார்."

"சண்டாளன். உன் அனுமதி இல்லாம உள்வாடகைக்கு யாரையாவது வெச்சிருக்கானா?"

"மாமியாரையே ஒரு ராத்திரிக்கு மேல தங்க விட்டதில்ல."

"கட்டடத்த இடிச்சான், சேதம் பண்ணான்?"

"என் சுவத்துக்கும் சேத்து சுண்ணாம்பு அடிக்கிறாரு."

சுப்பராயலு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "குடியிருக்கக் குடுத்த வீட்டுல தறி போட்டிருக்கானே, வேற காரியத்துக்கு உபயோகப்படுத்தினதா வெச்சா?"

"தறிக்குழியோடதான் குடுத்தேன்."

"அக்கம்பக்கத்துக்குத் தொல்ல?"

"அவர் இருமினா தெருவே கஷாயம் வெச்சிகினு வரும் சார்."

"மாசக்கணக்கா பூட்டிப்போட்டுட்டு எங்கயாவது போனானா? அதுவும் ஒரு காரணம்தான்."

"திருப்பதிக்குப் போனாக்கூட லட்டு சூடு ஆர்றதுக்குள்ள வந்துடுவாரு."

வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டார். "அம்மா, இவன யாராலயும் காலி பண்ண முடியாது. ஒரு உபகாரம் பண்ணு. இவன எங்க வீட்டு மாடிக்கு அனுப்பிடு. அங்க இருக்கறவன உனக்குத் தர்றேன்."

"ஆனா சார், அவரு என்னைத்தான் காலி பண்ணச் சொல்றாரு."

சுப்பராயலு கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார். "யார?"

"என்னை. என் வீட்ட."

கதை முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் உடம்பில் சதை போட்டது. "அப்படிச் சொல்லு! வீட்டுக்காரங்களப் பாத்து நீ வீட்டுக்காரியே இல்லன்னு சொல்றதும் காலி பண்ண ஒரு காரணம். ஆனா ஒண்ணு. அவன் உண்மையாவே சந்தேகப்பட்டு, நல்ல எண்ணத்துல சொன்னான்னா, போய் சிவில் கோர்ட்டுல பாத்துக்குங்கன்னுடுவாங்க. பொய்யின்னு தெரிஞ்சே சொல்லியிருக்கணும். சாட்சிக்கு அந்த வந்தவாசிக்காரங்கள இழுத்துடலாம்."

"வேணாம் சார். பொண்ணு வாழணும்."

"சரி. வந்தவாசிக்கு டிரங்க் கால்ல ஏதாவது பேசியிருப்பானே, நீ கேட்டிருந்தா அதச் சொல்லு."

"லைன்ல கேட்டத வெளிய சொல்றது குத்தம் சார். சட்டத்து வழியாப் போறேன்னு உங்ககிட்ட வந்துட்டு, வர்ற வழியிலயே சட்டத்த மிதிக்கிறதா?"

சுப்பராயலு அவளை மேலும் கீழும் பார்த்தார். இருபத்தைந்து வருஷ வக்கீல் தொழிலில், கட்சிக்காரர் தன்னைவிடச் சட்டத்துக்குப் பயந்தவராக வந்தது அவருக்கு இதுதான் முதல் தடவை. "கேசு வேணும், சாட்சி வேணாம். தலையில்லாத ஆளுக்குத் தலப்பா கட்டச் சொல்ற. சரி, கட்டிப் பாக்கறேன்."

நோட்டீஸ் போனது. மனு போட்டார்கள். தருமன் வைத்த வக்கீல் கெட்டிக்காரர். காலி பண்ணச் சொல்லவே இல்லை, சிமெண்டு எழுத்து வெறும் அலங்காரம் என்று பதில் போட்டுவிட்டு, தருமனைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார்: "கூண்டுல ஏறி, ‘அந்தம்மாதான் வீட்டுக்காரங்க, நான் வாடகைக்கு இருக்கேன்’னு ஒரே வார்த்த சொல்லு. அப்புறம் உன்ன அசைக்க எவனாலயும் முடியாது. மறுத்துச் சொன்னியோ, வீடு போச்சு."

இதைச் சுப்பராயலும் ஊகித்திருந்தார். "அப்படிச் சொல்லிட்டான்னா நமக்குத் தோல்விதாம்மா."

"சொல்லட்டுமே சார். சத்தியம் பண்ணி கோர்ட்டுல சொன்னா, வீடு என்னுதுதான்னு ஆயிடும். அப்புறம் அவர் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

ஜெயித்தாலும் வீடு, தோற்றாலும் வீடு. இப்படி ஒரு கேசை இந்தியா தேசத்தில் வேறு யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

விசாரணை நாள் வந்தது. அமலி கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பக்கத்தில் வந்து உட்கார, பெஞ்சின் அந்த முனை தாழ்ந்து இந்த முனை உயர்ந்தது. திரும்பினாள். தனக்கோடி! அவளுக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு பச்சையம்மாள்.

சின்ன மகன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தது, சம்பந்தி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், டெலிபோன்காரம்மா கேசு என்று தெருவில் யாரோ சொன்னார்கள். தனக்கோடி மீதியைத் தானே முடித்துக்கொண்டாள். சம்பந்தி தன் குடித்தனக்காரியைக் காலி பண்ண வழக்குப் போட்டிருக்கிறார், ஆளுக்கு ஒத்தாசை வேண்டும் என்று வந்துவிட்டாள்.

"ஏம்மா," என்றாள் அமலியிடம், ரகசியமாக. அதாவது கோர்ட்டு மட்டும் கேட்கிற மாதிரி. "நல்ல மனுசன் ஊட்டப் புடிச்சிகினு எதுக்கு அடம் பண்றீங்க? ஜல்தியா காலி பண்ணிட்டு வேற ஊடு பாத்துக்க வேண்டியதுதானே?"

 அமலி பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை.

கோர்ட்டு டவாலி பெயரைக் கூவினான். தருமன் கூண்டில் ஏறினார். சத்தியம் பண்ணினார். நிமிர்ந்தார். பின்பெஞ்சில் சம்பந்தியம்மாளைப் பார்த்தார். கூண்டுக் கட்டையைப் பிடித்த கை அதில் ஒட்டிக்கொண்டது.

சுப்பராயலு கேட்டார்: "நீங்க குடியிருக்கிற வீடு யாருடையது?"

கோர்ட்டில் மின்விசிறி சுற்றுவதை நிறுத்தியது. கரண்ட் போயிருக்கலாம், பயத்தில் நின்றதாகத்தான் ஊரில் சொன்னார்கள்.

தருமன் கோர்ட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பக்கம் வக்கீல் சொல்லிக்கொடுத்த வாக்கியம். இன்னொரு பக்கம் மகள். திடீரென்று அவர் முகம் தெளிந்தது. வழி கிடைத்துவிட்டது. "நம்ம ஊடுதாங்க," என்றார்.

அமலி உள்ளுக்குள் சபாஷ் போட்டாள். என்ன வார்த்தை! தனக்கோடி காதில் அது சொந்த வீடு. அமலி காதில் பழைய நாளைய மரியாதை. யாருக்கும் பொய்யில்லை, யாருக்கும் நோவில்லை. ஒரே கயிற்றின் மேல் ரெண்டு யானையை நடத்திவிட்டார் மனிதர்.

முன்சீப் பேனாவை எடுத்தார். தென்ஜில்லாக்காரர், வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறவர். எழுத ஆரம்பித்தவர் நின்றார். பேனாவால் காதைக் குடைந்தார்.

"ஏம்ப்பா, நம்ம வீடுன்னா? என்னையும் சேர்த்தா?"

கோர்ட்டு சிரித்தது.

"சிரிக்காதீங்க. தமிழ்ல நம்ம வேற, எங்க வேற. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கு. நான் பாட்டுக்கு அத எழுதிட்டா, நாளைக்கு அப்பீல்ல எவனாவது ஒருத்தன் உன்ன வீட்டுக்காரன்னு படிப்பான், இன்னொருத்தன் மரியாதைக்குச் சொன்னான்னு படிப்பான். வெளக்கமாச் சொல்லு. அந்தம்மாவச் சேத்து நம்ம வீடா, அவங்கள சேக்காம எங்க வீடா?"

வெள்ளைக்காரன் பாஷையில் ஒரு சொல் குறைந்ததற்கு ஆரணிக்காரர் ஒருவர் கூண்டில் நின்று வேர்க்க வேண்டியிருந்தது. அந்த வேர்வையை ஒரு குடத்தில் பிடித்திருக்கலாம்.

தருமன் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் உதட்டை அசைத்து ‘அந்தம்மா ஊடு’ என்று காட்டினார். தருமன் பச்சையம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பொத்தானையே கழற்றிக் கழற்றிப் போட்டாள்.

"எங்க ஊடுங்க," என்றார் தருமன்.

"யாரையும் சேர்க்காம?"

"யாரையும் சேக்காமங்க. எங்க ஊடு."

"அப்படிச் சொல்லுங்க சம்பந்தி!" என்றாள் தனக்கோடி. டவாலி ‘உஸ்’ என்றான். தருமனின் வக்கீல் மேஜைக்குக் கீழே எதையோ தேடப் போனார்; கொஞ்ச நேரம் மேலே வரவில்லை.

முன்சீப் எழுதிக்கொண்டார்.

அமலிக்குக் கண் கரித்தது. தனக்கோடிக்குத்தான் அது வெற்றி முழக்கம். அமலியின் காது அறியும், எந்த மூச்சில் எது வருகிறது என்று. தெரிந்தே சொன்னார். ஒரு வார்த்தையில் இருப்பிடம் போகும் என்று தெரிந்து, மகளுக்காக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, கூண்டில் நேராக நின்றார். அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அவளிடமிருந்து கழன்றுபோனது. வீட்டை விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. அது வேறு, இது வேறு.

சுப்பராயலு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவர் மேஜையில் அமலியின் அப்பா பெயர் போட்ட பத்திரத்தின் நகல், வரி ரசீது நகல் எல்லாம் இருந்தன. இனி ஒவ்வொன்றாகக் காட்டி, ‘இது என்ன, இது யார் பெயர்’ என்று கேட்டு, ஆளைத் தோலுரித்துத் தொங்கவிடுகிற கட்டம். வக்கீல்கள் அந்தக் கட்டத்துக்காகத்தான் பிறவி எடுக்கிறார்கள். அவர் வாயில் எச்சில் ஊறியது.

அமலி பின்னாலிருந்து அவர் கவுனைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் சார். உக்காருங்க."

"என்னம்மா, இப்பத்தானே..."

"பத்திரம்லாம் ஐயாகிட்ட ஏற்கெனவே குடுத்தாச்சே. அவருக்குப் படிக்கத் தெரியும். இவங்க எதிர்ல வேணாம்."

முன்சீப் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கூண்டு ஆளைப் பார்த்தார், பின்பெஞ்சு அம்மாளைப் பார்த்தார், பொத்தான் போடுகிற பெண்ணைப் பார்த்தார், கவுனைப் பிடித்த கையைப் பார்த்தார். அவருக்கும் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும். "வேற கேள்வி இல்லைன்னா, உத்தரவு அடுத்த வாரம்," என்று மெதுவாகச் சொல்லி அடுத்த கேசைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் பின்பெஞ்சு காலியாக இருந்தது. முன்சீப் உத்தரவைப் படித்தார்: அமலியே வீட்டுக்குச் சொந்தக்காரர், அது தெரிந்திருந்தும் நல்லெண்ணம் இல்லாமல் தருமன் மறுத்தது ருசுவாகிறது, முன்கட்டை அவர் ஒப்படைக்க வேண்டும், காலி பண்ண அவகாசம் தரப்படுகிறது. பிலவேந்திரனின் கடப்பாரை ஓர் ஓட்டைக்கூடத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் தருமன் பின்கட்டுக்கு வந்தார். பழையபடி கிணற்றைப் பார்த்து நின்றார்.

"அப்பீல் போலாம்னு வக்கீலு சொல்றாரு. நான் போவல. உங்க ஊடுங்க இது. ஒரு வார்த்த கோர்ட்டுல சொல்லியிருந்தா..."

"தெரியும்ணா. தெரிஞ்சேதான் சொன்னீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துத் தெருவுல ஒரு ஊடு பாத்துட்டன். தறிய ஞாயித்துக்கிழம தூக்கிடறன். சம்பந்தி ஊட்லதான் இன்னா சொல்றதுன்னு தெர்ல. கோர்ட்டுல எங்க சம்பந்தி ஜெயிச்சாருன்னு அந்தம்மா வந்தவாசி பூரா தம்பட்டம் அடிச்சிகினு கீது."

அமலி கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வைத்தாள். யோசித்தாள். "ஊட்ட வித்துட்டேன்னு சொல்லுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தருமன் வாயைத் திறந்தார், மூட மறந்துபோனார்.

"நான் பொய் சொல்ல மாட்டேண்ணா. ஆனா நீங்க சொன்னா இல்லன்னும் சொல்ல மாட்டேன். அடுத்தவங்க பேசறத காதுல வாங்கிகினு கம்முனு இருக்கறதுதானே என் உத்தியோகமே?"

ஞாயிற்றுக்கிழமை தறி போனது. தெருவே கை கொடுத்தது. பிலவேந்திரனின் லாரிதான் சாமானை ஏற்றிப் போனது. கடப்பாரை ஆட்கள் தொட்டில் கம்பைப் பல்லக்கு மாதிரித் தூக்கி வைத்தார்கள். போகும் முன் தருமன் ஏணி போட்டு ஏறி, உளியை வைத்துத் தன் பெயரைத் தானே செதுக்கி எடுத்தார். அமலி கீழே நின்று, "அந்த இல்லத்த விட்டுடுங்கண்ணா, நல்லாருக்கு," என்றாள். ‘இல்லம்’ நின்றது. ரெண்டு பக்கமும் வாத்துகளும் நின்றன.

அடுத்த பொங்கல் கழிந்து தனக்கோடி வந்தாள். நேராக அமலி வீட்டு முன்வாசலில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்து, வீட்டை நிலையிலிருந்து ஓட்டு முகடு வரைக்கும் அளந்தாள். பிறகு அமலியின் ரெண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். பிடியில் வளையல் நெளிந்தது.

"நெசந்தானாம்மா? எங்க சம்பந்தி ஊட்ட நீங்களே வாங்கிட்டீங்களாமே! எனக்கு அப்பவே தெரியும். இவ்ளோ வருசம் ஒரு பேஜாரும் பண்ணாம, ஒழுங்கா வாடகை குடுத்துகினு வந்தீங்க பாருங்க. உங்க சாமி கண்ணத் தொறந்து ஊட்டையே குடுத்துடுச்சி. இனிமே யாருக்கும் நீங்க பயப்பட வேணாம். இது உங்க ஊடு!"

அமலிக்குச் சிரிப்பை அடக்கியதில் ரெண்டு நாள் விலா வலித்தது. ஆனால் அப்போது முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

"நம்ம ஊடுதாம்மா," என்றாள். "உள்ள வாங்க."